நைட்டி விற்க வந்தவள்

அமுதா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு நைட்டிக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணி இருக்கும். அவளுடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்ததால், "பத்து உருப்படி ரெடி, நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றுதான் ஆரம்பித்தேன். பேசியது அவள் மகன் பிரபு. "பெரியம்மா, அம்மா தவறிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் முடியலை" என்றான். "சரிப்பா" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு மீதிக் கழுத்துப்பட்டியைத் தைத்து முடித்தேன். நூலை வெட்டினேன். பட்டன் வைத்தேன். இதை இனி எடுத்துப்போக ஆளில்லை என்பது பட்டன் வைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

நம் மாதக் கூட்டத்தில் வாசிப்பதற்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பதினொரு வருடம் அவளோடு அதிகம் சண்டை போட்டவள் நான்தானாம். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருக்கிறது. கை படுவது தெரிகிறது, கன்னம் இருப்பது தெரியவில்லை.

இதைக் கேட்கிற நீங்கள் எல்லோரும் என்னைப் போல ஹெச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள். அதனால் ஊர்ப் பெயரைச் சொல்வேன், உங்கள் பெயர்களைச் சொல்ல மாட்டேன். என் பெயரும் வேண்டாம். நம் கூட்டத்தில் படம் எடுக்கிற வழக்கமும் இல்லை. அமுதாவும் நானும் சேர்ந்திருக்கிற ஒரு படம்கூட என்னிடம் கிடையாது. அமுதாவின் பெயரையும் பிரபுவின் பெயரையும் மட்டும் தைரியமாக எழுதலாம். அந்த வீட்டில் யாரும் எதையும் யாரிடமும் மறைத்ததில்லை.

அவளை நான் முதலில் பார்த்தது ஏ.ஆர்.டி. மையத்தின் தாழ்வாரத்தில். என் கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எனக்கும் பாசிட்டிவ் என்று சொல்லி, முதல் மாத்திரை வாங்க வரச் சொல்லியிருந்தார்கள். தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "அக்கா, இந்த ஜாக்கெட் யார் தெச்சது?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

"கை வெட்டு எவ்வளவு அழகா உக்காந்திருக்கு. எனக்கு ஒண்ணு தெச்சுத் தாங்களேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சாகப்போறவகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று கத்தினேன். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை. "சாகப்போறவங்ககிட்ட யாராச்சும் துணி குடுப்பாங்களா? துணியும் போயிடுமே. நீங்க சாகப்போறதில்லை, அதான் கேக்கறேன்" என்றாள். பிறகு, "எனக்கும் இதேதான்க்கா. ஆறு வருஷம் ஆச்சு. நேரத்துக்கு மாத்திரை, வயித்துக்கு நல்ல சாப்பாடு, மாசம் ஒரு தடவை இங்க வந்து யார்கூடயாவது ஒரு சண்டை. அவ்வளவுதான் நம்ம வியாதி" என்றாள். டேப் இல்லாததால் அன்று அங்கேயே ஜாண் போட்டு அவளுக்கு அளவெடுத்தேன். ஜாக்கெட் சரியாக அமையவில்லை. அந்தக் கோணல் ஜாக்கெட்டைக் கிழிகிற வரை போட்டுக்கொண்டு வந்து, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "அக்கா அழுதுக்கிட்டே அளவெடுத்தது" என்று காட்டி என் மானத்தை வாங்கினாள்.

அவள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தியவர்கள், தேதிக்கு வராதவர்கள், வந்தும் வாய் திறக்காதவர்கள், இவர்களின் வீடு தேடிப்போய்ப் பேச வேண்டும். ஆனால் நம் ஊர்ப்பக்கம் முன்பின் தெரியாத பெண் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை வந்தால், மூன்றாம் முறை தெருவே வாசலுக்கு வந்துவிடும். அதற்கு அமுதா கண்டுபிடித்த வழிதான் நைட்டி. நான் தைத்துத் தருவதைப் பச்சை நிறக் கட்டைப்பை ஒன்றில் அடுக்கிக்கொண்டு குத்தாலத்தில் பஸ் ஏறுவாள். நன்னிலம் பக்கமானாலும் கடற்கரைப் பக்கமானாலும் அவள் நைட்டிக்காரம்மா. வாசலில் உட்கார்ந்து நாலைந்தைப் பிரித்துப் போடுவாள். "இந்தக் கலரு வேணாமா? வேற காட்டறேன் இருங்க" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, குனிந்து பையைத் துழாவியபடி, "இருமல் எத்தனை நாளா இருக்கு? ரெண்டு வாரமா? அப்ப நைட்டி வாங்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுங்க. நாளைக்கு நான் அங்க நிப்பேன்" என்பாள். சொன்னபடி நிற்பாள். வாய்ப்புண்ணுக்கு என்ன சாப்பிடுவது, நடவு நாளில் கூலியை விடாமல் மாத்திரை வாங்க எப்படி வருவது, கணவனிடம் என்ன சொல்வது, எல்லாம் அந்தப் பைக்குள் குனிந்தபடி பேசியவைதான். நம்மில் பாதிப் பேர் வீட்டில் தேவைக்கு மேல் நைட்டி கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

தரங்கம்பாடியில் கடலுக்குப் போகிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் இங்கே உட்கார்ந்திருப்பார், என்னை மன்னிக்கட்டும். போட்டில் நாலு பேருக்கு நடுவே மாத்திரை டப்பாவைத் திறக்க முடியாமல் நிறுத்திவிட்டார். ஆள் பாதியாக இளைத்துப்போனார். அமுதா போனால் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவார். அவளும் விடவில்லை. "மாத்திரை போட்டியான்னு கேக்க வரலை தம்பி. மீன் வாங்க வந்தேன்" என்று வாரா வாரம் போய் நின்றாள். வாங்கிய மீனை அந்த நைட்டிப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்து என் வீட்டுத் துணிகளையெல்லாம் நாற அடித்தாள். "இதை எவ வாங்கிப் போடுவா?" என்று நான் கத்தினால், "மீன் பிடிச்சவன் வாழணும்னா கொஞ்சம் நாறத்தான் செய்யும்" என்று சிரித்தாள். ஒரு நாள் அவரே, "கடல்ல எப்படிக்கா போடறது?" என்று கேட்டிருக்கிறார். வெற்றிலைப் பொட்டலத்துக்குள் மாத்திரையை மடித்து வைக்கிற வழி அப்போது பிறந்தது. இன்று அவருக்கு என்னைவிட நல்ல உடம்பு.

இனி என் கதைக்கு வருகிறேன். வெட்கத்தோடுதான் வருகிறேன்.

தினமும் மாத்திரை சாப்பிடுவதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. முதல் வாரம் என் நாத்தனார் டப்பாவைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டபோது, வாயில் வந்தது "சர்க்கரை". அவளுக்கு நிஜமாகவே சர்க்கரை. பக்கத்து வீட்டில் இருக்கிறவள். துணைக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், மறுநாள் காலையிலிருந்து எனக்கும் சேர்த்துப் பாகற்காய் சாறு பிழிய ஆரம்பித்தாள். பதினொரு வருடமாக விடிந்தால் ஒரு டம்ளர் சாறு வந்துவிடும். கல்யாண வீட்டில் என் இலையிலிருந்து ஜாங்கிரியை அவளே எடுத்து அப்புறப்படுத்துவாள். இதைக் கேட்டு அமுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொய் சொல்றதுதான் சொல்றீங்க, வாய்க்கு ருசியா சொல்லக்கூடாதா? தைராய்டுன்னு சொல்லியிருந்தா இனிப்பாவது சாப்பிட்டிருக்கலாமே!" அதன்பிறகு மாத்திரை வாங்குகிற நாளில் அவள் கைப்பையில் எனக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். உள்ளே திருவையாற்று அசோகா அல்வா. முகத்தை மறைக்க அன்று எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேனோ, அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்து நெய் ஒழுகத் தின்பேன்.

அவளுக்கு என்மேல் நிஜமான கோபம் வந்தது ஒரே முறைதான். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைப்பது என் வழக்கம். நம்மில் பலருக்கும் அதுதான் வழக்கம். ஆனால் என் நாத்தனார் ஒரு நாள், "எனக்குத் தீந்துபோச்சு அண்ணி, உங்க சர்க்கரை மாத்திரைல ஒண்ணு குடுங்க" என்று வந்து நின்றுவிட்டாள். எப்படியோ சமாளித்து அனுப்பிவிட்டு, அன்றே மருந்துக்கடையில் நிஜமான சர்க்கரை மாத்திரை இரண்டு அட்டை வாங்கி அலமாரியில் பார்வைக்கு வைத்தேன். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து அமுதாவிடமும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நாள் நீங்க மயங்கி விழுந்தா யாரு தூக்கிட்டுப் போவா? உங்க மக. என்ன மாத்திரை சாப்புடறாங்கன்னு டாக்டர் கேப்பாரு. அவ இந்த அட்டையை நீட்டுவா. அவரு இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாப்பாரு. இருக்கற வியாதி அவருக்குத் தெரியவே தெரியாது. பொய் சொன்னது நீங்க, பழி அந்தப் பொண்ணு தலையில. வேணுமா இது?" என்றாள். "ஊருக்குச் சொல்ல வேணாம். நாத்தனாருக்கு வேணாம். மகளுக்கு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு ஆளுக்குத்தான்க்கா. அவ்வளவுதான் கேக்கறேன்."

நான் சொல்லவில்லை. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம், இந்த நேரத்தில் வேண்டாம் என்று அமுதாவிடம் சாக்குச் சொன்னேன். உண்மையான பயம் அது இல்லை. என் மகள் ஊருக்கு வந்தால் தனித்தட்டில் சாப்பிட மாட்டாள். நான் சாப்பிடுகிற தட்டில் கையை விட்டுப் பிசைந்து தின்பாள். அந்தக் கை நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம். அதை அமுதாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். புரட்டாசிக் கடைசியில் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, "சொல்லிட்டீங்களா?" என்றாள். "தீபாவளிக்கு வருவா, சொல்றேன்" என்றேன். "போன தீபாவளிக்கும் இதைத்தான் சொன்னீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வழக்கமாக இருவரும் டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். அன்று நான் டீ வேண்டாமென்று முறைத்துக்கொண்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

செய்தி வந்த அன்று குத்தாலத்துக்குப் போனேன். அவள் தெருமுனை வரைக்கும் போனேன். அதற்குமேல் போகவில்லை. அன்று என்னை அங்கே பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள், அதனால் மறைத்துப் பயனில்லை. அவள் வீட்டுக்கு எதிர்வரிசையில் என் கணவரின் சித்தப்பா மகன் குடியிருக்கிறான். அமுதாவுக்கு என்ன என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அங்கே விழுந்து அழுகிற என்னை அவன் மனைவி பார்த்தால் சாயங்காலத்துக்குள் என் நாத்தனார் காதுக்குப் போய்விடும். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. தரங்கம்பாடித் தம்பி மாலையோடு வந்தார். என்னைப் பார்த்து, "வாங்கக்கா" என்றார். "நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்" என்றேன். அவர் குனிந்த தலை நிமிராமல் நேராக உள்ளே போனார். கடலில் மாத்திரை டப்பாவைத் திறக்கப் பயந்த ஆள். நான் மூன்று டீ குடித்தேன். பாடை தெருமுனையைக் கடந்தபோது கடையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன். யார் போனாலும் எழுந்து நிற்பதுதானே, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. பூவுக்கு நடுவே முகம் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் பிரபு என் வீட்டுக்கு வந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், தாயைப் போலவே கணீரென்று பேசுகிறவன், அன்று மெதுவாகப் பேசினான். கையில் அந்தப் பச்சைப் பை. "விக்காத நைட்டி உள்ள இருக்கு பெரியம்மா. உங்களோடதுதானே" என்றான். நான் அன்று வராததற்கு என்ன சொல்வதென்று வாயை மென்றேன். "டீக்கடையில உங்களைப் பார்த்தேன். பரவால்ல பெரியம்மா. அம்மா இருந்தா அவங்களும் உங்களை உள்ள கூப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றான். அதற்கு நான் அழுதிருக்க வேண்டும். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

வெளியூர்களிலிருந்து அத்தனை பேர் வந்திருக்கிறார்களே, யார் இவர்கள் என்று தெருவில் கேட்டார்களாம். "அம்மாகிட்ட நைட்டி வாங்கறவங்கன்னேன். ஆம்பளைங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. பொண்டாட்டிக்கு வாங்கறவங்கன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான். தாயைக் கிடத்தி வைத்துக்கொண்டு, நம் ஒவ்வொருவருக்கும் பொய் சொல்லிக் காபந்து பண்ணியிருக்கிறான். தன் வீட்டுக்கு ஒரு பொய்யும் தேவைப்படாத பிள்ளை.

கடைசி நேரத்தில் என்ன ஆனது என்று அப்போதுதான் கேட்டேன்.

"டாக்டர் கேட்டதுக்கெல்லாம் சொன்னேன் பெரியம்மா. என்ன மாத்திரை, எத்தனை வருஷமா, கடைசியா எடுத்த வைரல் லோடு வரைக்கும் சொன்னேன். நான் ஒன்பதாவது படிக்கறப்பவே அம்மா எல்லாத்தையும் சொல்லி வெச்சிருந்தாங்க. டாக்டருங்களும் முடிஞ்சதெல்லாம் செஞ்சாங்க. நெஞ்சு நின்னுபோச்சு." டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தான். "நான் எதையும் சொல்லாம விட்டதால அம்மா சாகலை. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு" என்றான்.

அவன் போன பிறகு அலமாரியைத் திறந்து அந்தச் சர்க்கரை மாத்திரை அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நீட்டுகிற என் மகளின் கை தெரிந்தது. அமுதா எத்தனையோ முறை சொன்னபோது தெரியாதது.

நான்கு நாள் கழித்துத் தீபாவளி. நான் அமுதாவுக்கு உறவு இல்லை, எனக்குத் தீட்டு இல்லை, அதனால் தீபாவளி உண்டு. மகள் முதல் நாளே வந்தாள். எனக்கென்று சென்னையிலிருந்து சர்க்கரை சேர்க்காத இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பெட்டியைப் பிரித்து ஒன்றை என் வாய்க்கு நேரே நீட்டினாள். பண்டிகை நாளிலும் தவறாமல் நாத்தனார் அனுப்பிய பாகற்காய் சாறு மேசைமேல் இருந்தது.

"எனக்குச் சர்க்கரை இல்லை" என்றேன்.

"குறைஞ்சிடுச்சாம்மா?"

"எப்பவும் இருந்ததில்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பாவைப் பற்றி, தாழ்வாரத்தைப் பற்றி, நைட்டிக்காரம்மா யார் என்பதைப் பற்றி. மாத்திரை சரியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி டெஸ்டில்கூடத் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், எனக்கு அடங்கித்தான் இருக்கிறது என்று அமுதா சொல்லுகிற மாதிரியே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. யாருடைய கதையையோ சொல்வது போல இருந்தது. மகள் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். தெருவில் வெடிச்சத்தம். நீட்டிய இனிப்பு பெட்டியின் ஓரத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பாகற்காய் சாற்றை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அத்தைகிட்ட என்னடி சொல்றது?" என்றேன்.

"தைராய்டுன்னு சொல்லிக்கலாம். பதினொரு வருஷமா இது தோணலையா உனக்கு? அதுக்குன்னா ஸ்வீட்டாவது சாப்பிட்டிருக்கலாமேம்மா" என்றாள்.

நான் சிரித்தேன். அழத்தான் போகிறேன் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. அமுதா போன பிறகு முதல் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறேன் என்று மகளுக்குப் புரியவில்லை. மதியம் சாப்பிடும்போது அவள் கை என் தட்டுக்கு வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் மாத்திரை டப்பாவைக் கேட்டாள். அமுதா இல்லாமல் நான் தனியாகப் போய் வாங்கி வந்த அந்த மாதத்து டப்பாவில் லேபிள் அப்படியே இருந்தது. தைரியம் வந்து விட்டுவைத்ததில்லை. அமுதா போனதிலிருந்து கை எதையும் செய்ய மறந்திருந்தது, அவ்வளவுதான். மகள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெல்லாம் தெரிகிற மாதிரி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். "யாராவது கேட்டா இதைக் காட்டணும், அதானே?" என்றாள். சர்க்கரை மாத்திரை அட்டைகளை அவளே தூக்கிப் போட்டாள்.

பச்சைப் பை என்னிடம் இருக்கிறது. இன்னும் மீன் வாடை போகவில்லை. அதில் நான் தைத்து வைத்திருந்த பத்தையும் அடுக்கியிருக்கிறேன். யாராவது எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும், அது நானாகவும் இருக்கலாம், இன்னும் தெரியவில்லை. ஆனால் அமுதா எனக்கு விட்டுப்போனது எது என்று கேட்டால் பையைச் சொல்ல மாட்டேன். நாங்கள் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை என்றேனே. என் மகளின் ஃபோனில் ஒரு மாத்திரை டப்பாவின் படம் இருக்கிறது. அதுதான்.